1860இல் எழுதிய வரி இன்னும் எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது? (தெற்காசியா – கருக்கலைப்பு)

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர், மதுரை)

கருக்கலைப்பு என்று பேச்சு எடுத்தாலே இந்தத் தளத்தில் எல்லோரும் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறோம். 2022 ஜூனில் அந்த ஊர் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை தந்த பழைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தது பெரிய செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் நம்மைச் சுற்றி இருக்கிற நாலைந்து நாடுகளில் நடந்திருக்கும் கதை அதைவிடச் சுவாரசியமானது. அதற்காகத்தான் இந்த இழை.

தொடக்கம் 1860. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு. பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்ததாக இல்லாவிட்டால் கருக்கலைப்பு குற்றம். 3 ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிவிட்டால் 7 ஆண்டு வரை. கலைத்துவிட்டவருக்கு மட்டுமில்லை, தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதே தண்டனை. ஆங்கிலேய அதிகாரி மெக்காலே போட்ட அந்த அச்சைத்தான் இலங்கை 1883இல் 303ஆம் பிரிவாக எடுத்துக்கொண்டது. பாகிஸ்தான் பிரிந்தபோதும், அதிலிருந்து வங்கதேசம் பிரிந்தபோதும் 312 கூடவே போனது.

இதை எழுதிக் கொடுத்த இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. இந்தியா 1971இல் தளர்த்தியது. பாகிஸ்தான் 1990இல் தண்டனைச் சட்டத்தை இஸ்லாமிய முறைக்கு மாற்றியபோது, கருவின் உறுப்புகள் உருவாவதற்கு முன்னால் என்றால் "அவசியமான சிகிச்சை"க்காகக் கலைக்கலாம் என்று ஒரு சின்னக் கதவைத் திறந்தது. வங்கதேசம் சட்டத்தில் கையே வைக்கவில்லை, ஆனால் வேறொரு வழி கண்டுபிடித்தது. இலங்கை அப்படியே இருக்கிறது.

காலனியாகவே இல்லாத நேபாளம்தான் இந்த வட்டாரத்திலேயே கொடூரமாக இருந்தது. இன்று அங்கேதான் சட்டம் எல்லோரையும்விடத் தாராளம்.

சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடக்கிறது என்பதை அங்கே நிற்பவர்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லுங்கள்.

---

சும்மா_வந்தவன்

இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி. நம் பாட்டி காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றார்கள், ஒருத்தரும் கலைக்கவில்லை.

---

மருந்துக்கடை_சேலம்

சும்மா வந்தவரே, உங்கள் பாட்டியிடம், கருவைக் கலைக்கச் செருகுகிற எருக்கங்குச்சி என்றால் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஆத்தா காலத்தில் அதனால் செத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, "வயித்து வலியில போயிட்டா" என்று சொல்லிப் புதைத்தார்கள். பத்துப் பெற்றவள் கதையை மட்டும் பேசுவோம், பதினொன்றாவதில் போனவள் கதையை யாரும் எடுக்க மாட்டோம்.

---

வைகைக்கரை

சேலம் அண்ணன் சொன்னதுதான் 1971 சட்டத்துக்கே அடிப்படை. 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. 1966இல் அறிக்கை வந்தது. திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய் உயிரைப் பணயம் வைக்கிற பெண்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கல்யாணமானவர்கள், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் என்பதுதான் குழு பார்த்த நிலவரம். மக்கள்தொகைக் கவலையும் பின்னணியில் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். பெண்ணுரிமை என்ற பேச்சே அப்போது நாடாளுமன்றத்தில் பெரிதாக எழவில்லை. அதனால்தான் சட்டம் டாக்டரின் கையில் போய்விட்டது. இன்றைக்கும் இந்தியாவில் ஒரு பெண் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் "நல்லெண்ணத்தில்" அவள் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு என்று கருத வேண்டும். கருத்தடை தவறிப்போனதால் வந்த கர்ப்பம் என்றால் அந்த மனவேதனையே போதும் என்று சட்டம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. 1971இல் அது "மணமான பெண்ணும் அவள் கணவனும்" என்று இருந்தது. 2021 திருத்தத்தில் "பெண்ணும் அவள் துணையும்" ஆயிற்று.

312 ஒழியவில்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாகப் பேர் மாற்றி உட்கார்ந்திருக்கிறது. 1971 சட்டம் அதற்கு ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான்.

---

தாழம்பூ (சென்னை)

டாக்டர் கருத வேண்டும், சரி. புருஷன் கருத வேண்டும் என்று எங்கே இருக்கிறது?

எனக்கு இரண்டு பிள்ளைகள். காப்பர் டி போட்டும் மூன்றாவதாக நின்றுவிட்டது. ஏழு வாரம். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிசப்ஷனிலேயே, "ஹஸ்பெண்ட் வரலியா மேடம்? சைன் வேணுமே" என்றார்கள். அவர் கப்பலில் இருக்கிறார், ஆறு மாதம் கழித்துத்தான் வருவார் என்றேன். "அப்போ மாமியாராவது..." 34 வயதில், இரண்டு பிள்ளை பெற்றவள், மாமியாரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம்.

அப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கணவன் கையெழுத்து கேட்கவில்லை, அதை நன்றாகவே சொல்ல வேண்டும். ஆனால் நர்சம்மா, "ரெண்டு புள்ள இருக்குல்ல, கையோட ஆபரேஷனும் பண்ணிக்கம்மா, அப்பதான் சீக்கிரம் முடியும்" என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். அன்றைக்கு வரிசையில் கடைசி ஆள் நான்தான்.

---

வைகைக்கரை

தாழம்பூ, சட்டத்தில் கணவன், மாமியார் யாருக்கும் இடமே இல்லை. 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும். படிவம் சி என்று ஒன்று உண்டு, அதில் நீங்கள் ஒருவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. 18க்குக் கீழே என்றாலோ, மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றாலோதான் காப்பாளர் கையெழுத்து. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலேயே, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை ஆஸ்பத்திரிகள் போடுவதைக் கண்டித்திருக்கிறார்கள். மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை என்ற தீர்ப்புதான் அது. கணவன் கட்டாயப்படுத்தியதால் உண்டான கர்ப்பத்தையும், இந்தச் சட்டத்தைப் பொறுத்தமட்டில், வன்புணர்வாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் சொன்னார்கள். அது சின்ன விஷயமில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனை நிபந்தனையாக வைப்பதும் தப்பு. ஆனால் நடக்கிறது.

---

மீன்பாடும்_தேன்நாடு (மட்டக்களப்பு)

நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட பொதுச் சுகாதார மருத்துவ மாதுவாக (மிட்வைஃப்) வேலை செய்து ஓய்வு பெற்றவள். இலங்கைக் கதையை நான் சொல்லுறன்.

தாழம்பூ பிள்ளை, உமக்குக் கையெழுத்து யார் போடுறது என்பதில் பிரச்சினை. எங்களுக்குக் கையெழுத்துப் போடுறதுக்குப் படிவமே இல்லை. 1883இல் எழுதினதுதான். தாயின்ர உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். ஒரு பிள்ளையை வன்புணர்வு செய்து அவள் கர்ப்பமானாலும் இல்லை. தலை ஓடே வளராத சிசு, பிறந்தால் சில மணித்தியாலம்கூடத் தங்காது என்று ஸ்கேனில் தெரிந்தாலும் இல்லை. அந்தத் தாய் பத்து மாதமும் சுமக்க வேணும். கிளினிக்கில் மற்றத் தாய்மாரோடு வரிசையில் இருந்து, இரும்புச்சத்துக் குளிசை வாங்கிக்கொண்டு போக வேணும். பக்கத்தில் இருக்கிறவள் "எத்தனையாம் மாதம், ஆம்பிளைப் பிள்ளையோ?" என்று கேட்பாள். அப்படி ஒரு தாய்க்கு நான் மாதாமாதம் எடை பார்த்திருக்கிறன். அட்டையில் எழுதுறதுக்கு எனக்குக் கை வராது.

ஆனால் நாட்டில் கருக்கலைப்பு நடக்கவில்லையா? ஒரு நாளைக்கு 600க்கு மேல் என்று சுகாதாரத் துறையிலேயே பல வருசமாகச் சொல்லுறவை. காசு உள்ளவை கொழும்பில் தெரிஞ்ச டொக்டரிட்டப் போவினம், அல்லது விமானம் ஏறி இந்தியாவுக்கு வருவினம். இல்லாதவை கண்ட இடத்தில் குளிசை வாங்கிப் போட்டுவிட்டு, இரத்தம் நிற்காமல் இரவு ரெண்டு மணிக்கு வைத்தியசாலைக்கு வருவினம். வந்தால் நாங்கள் பார்ப்பம். "தானாகக் கலைஞ்சது" என்றுதான் சொல்லுவினம். நாங்களும் அப்படியே எழுதுவம். பொலிசுக்குச் சொன்னால் அடுத்த முறை ஒருத்தியும் வர மாட்டாள், வீட்டிலேயே செத்துப்போவாள். இது எந்தச் சுற்றுநிருபத்தையும் பார்த்துச் செய்தது இல்லை, வார்டில் எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை.

1995இல் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தினவை. வன்புணர்வு பற்றின பிரிவுகள் திருந்தினது, கருக்கலைப்பு பற்றின பிரிவை எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டினம். பிறகு நீதியரசர் அலுவிகாரே தலைமையில் குழு போட்டு, 2017இல் வன்புணர்வு, பிழைக்கவே முடியாத குறைபாடுள்ள சிசு, இந்த ரெண்டுக்காவது அனுமதிக்கலாம் என்று பேச்சு வந்தது. மருத்துவ நிபுணர்கள் ஆதரவு. ஆயர்கள் எதிர்ப்பு. கிடப்பில் போட்டாச்சு.

---

முத்துநகர்_சூசை (தூத்துக்குடி)

ஆயர்கள் என்று வந்ததால் நானும் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் கத்தோலிக்கன். கருவில் இருப்பதும் உயிர் என்று நம்புகிறேன். ஆனால் என் கேள்வி வேதத்திலிருந்து வரவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறார்கள், பாடுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் சாதாரணக் கருவுக்கு 20 வாரம், குறிப்பிட்ட சில பெண்களுக்கு 24 வாரம்தான் எல்லை. தாயின் உயிருக்கு ஆபத்து என்பதை விட்டால், குறைபாடு இருந்தால் மட்டும் மருத்துவக் குழு ஒப்புதலோடு எல்லையே இல்லை. அப்படியென்றால் குறைபாடு உள்ள உயிருக்கு மதிப்புக் குறைவு என்று அரசே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறதா இல்லையா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2023 அக்டோபரில் 26 வாரக் கர்ப்பிணி ஒருவர் வழக்கு. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், பிரசவத்துக்குப் பிந்திய மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர். உச்ச நீதிமன்றம் 9ஆம் தேதி அனுமதித்தது. 11ஆம் தேதி அதே அமர்வில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு. 16ஆம் தேதி மூவர் அமர்வு மறுத்துவிட்டது. கருவுக்கு எந்தக் குறையும் இல்லை என்பது ஒரு காரணம். அதே கருவுக்குக் குறை இருந்திருந்தால் அனுமதித்திருப்பார்கள். இதுதான் நீதியா?

---

தாழம்பூ

சூசை சார், உங்களோடு எனக்கு ஒத்துப்போகாது, ஆனால் முதல் கேள்வி நியாயமானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பேசுகிற பெண்களே இதைக் கேட்கிறார்கள். அவர்கள் சொல்கிற தீர்வு வேறே: குறைபாட்டைத் தனிக் காரணமாக வைக்காதே, எல்லாப் பெண்ணுக்கும் ஒரே எல்லை வை, முடிவை அவளிடம் விடு. நீங்கள் அந்தப் பக்கம் வர மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த 2023 வழக்கில் யாரும் அந்த அம்மாவைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். தனக்கு முடியாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் அவர் வயிற்றைப் பற்றி ஒரு வாரம் விவாதம் நடந்தது.

---

முத்துநகர்_சூசை

வர மாட்டேன்தான். ஆனால் நேர்மையான பதில். நன்றி.

---

பாக்மதி_ஓரம்

நான் நேபாளத்தில் பல வருடம் தொண்டு நிறுவன வேலையில் இருந்தவன், இப்போது கோயம்புத்தூர். நேபாளம் பற்றி வைகைக்கரை ஒரே வரியில் தாண்டிவிட்டார், அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

2002க்கு முன்னால் அங்கே எந்தக் காரணத்துக்கும் கருக்கலைப்புக்கு இடமில்லை. சட்டத்தில் மட்டுமில்லை, நிஜமாகவே பெண்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். சிறையில் இருந்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கருக்கலைப்பு அல்லது சிசுக்கொலைக் குற்றச்சாட்டில் இருந்தவர் என்பார்கள். தானாகக் கலைந்ததையும், செத்துப் பிறந்ததையும்கூடச் சிசுக்கொலை என்று வழக்குப் போட்டார்கள். புகார் கொடுத்தது பெரும்பாலும் யார் தெரியுமா? சொந்தக்காரர்கள். விதவை மருமகள் சிறைக்குப் போனால் அவள் பங்கு நிலம் மிச்சம். உறவினரால் வன்புணர்வுக்கு ஆளான ஒரு சிறுமிக்கு 20 ஆண்டு தண்டனை போட்ட வழக்கு பத்திரிகைகளில் வந்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது.

2002இல் நாட்டின் பொதுச் சட்டத் தொகுப்பான முலுகி ஐனைத் திருத்தினார்கள். 12 வாரம் வரை பெண்ணின் விருப்பம் மட்டும் போதும். டாக்டர் கருத வேண்டியதில்லை, காரணம் கேட்க வேண்டியதில்லை. 2004 மார்ச்சில் காட்மாண்டு தாபாதலியில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் சேவை தொடங்கியது. பிறகு மலைக்கிராமங்களுக்கு டாக்டர் எங்கே போவார் என்று, துணை நர்ஸ்களுக்கே மாத்திரை கொடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். தாய் இறப்பு 1996இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 539 என்று இருந்தது, 2006இல் 281. முழுக்க இந்தச் சட்டத்தால்தான் என்று சொல்ல மாட்டேன், சாலை வந்தது, படிப்பு வந்தது, பிள்ளைப்பேறே குறைந்தது. ஆனால் இதற்கும் பங்கு உண்டு.

இதற்கப்புறம் வந்த ஒரு வழக்குதான் எனக்கு முக்கியம். மேற்குக் கோடியில் டடேல்துரா மாவட்டம். ஐந்து பிள்ளை பெற்ற ஏழைப் பெண், ஆறாவது கர்ப்பம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சட்டம் அவள் பக்கம். ஆஸ்பத்திரியில் 1,130 ரூபாய் கட்டச் சொன்னார்கள். நேபாள ரூபாய், நம் காசில் 700 சொச்சம். அவளிடம் இல்லை. திரும்பிப் போய் ஆறாவதையும் பெற்றாள். அந்த வழக்கில்தான் 2009இல் நேபாள உச்ச நீதிமன்றம், பணம் இல்லாததால் கிடைக்காத உரிமை உரிமையே இல்லை என்ற பொருளில் தீர்ப்புச் சொல்லி, தனிச் சட்டமும் நிதியும் கொண்டுவரச் சொன்னது. பிறகு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம் ஆயிற்று. 2018இல் தனிச் சட்டமே வந்தது. வன்புணர்வு, தகாத உறவு, தாய்க்கு ஆபத்து, சிசுவுக்குக் குறைபாடு போன்றவற்றுக்கு 28 வாரம் வரை.

இவ்வளவும் வந்தும், 2014இல் எடுத்த கணக்குப்படி நேபாளத்தில் நடந்த சுமார் 3,23,000 கருக்கலைப்புகளில் 42 சதவீதம்தான் சட்டப்படி நடந்தவை. பாதிப் பெண்களுக்கு மேல் சட்டம் மாறியதே தெரியாது.

---

சும்மா_வந்தவன்

அப்போ சட்டம் போட்டும் பிரயோசனம் இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க.

---

பாக்மதி_ஓரம்

இல்லை. 42 சதவீதம் பேர் சாகவில்லை, சிறைக்கும் போகவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

---

மருந்துக்கடை_சேலம்

தமிழ்நாட்டு நிலவரத்தைக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனாகச் சொல்கிறேன்.

கருக்கலைப்பு மாத்திரையான மைஃபெப்ரிஸ்டோன் இந்தியாவுக்கு வந்தது 2002இல். அதோடு கொடுக்கிற மிசோப்ரோஸ்டாலையும் சேர்த்து ஒரே அட்டையாக "கிட்" வந்தது 2008 வாக்கில். அதற்கப்புறம் இந்த நாட்டில் கருக்கலைப்பு என்பதே ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்துவிட்டது. லான்செட் இதழில் வந்த ஆய்வுப்படி 2015இல் இந்தியாவில் நடந்தது சுமார் 1 கோடியே 56 லட்சம். அதில் 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையால். தமிழ்நாடும் அந்த ஆய்வில் எடுத்த ஆறு மாநிலங்களில் ஒன்று.

எங்கள் கடைக்கு வருகிறவர் பெரும்பாலும் புருஷன். கூட்டம் குறையும் வரைக்கும் இருமல் மருந்துப் பக்கம் நிற்பார். அப்புறம் மெதுவாக, "அண்ணே, வீட்ல நாள் தள்ளிப் போச்சு, மாத்திர ஒண்ணு குடுங்க." டாக்டர் சீட்டு இருக்கா என்றால் இருக்காது. எத்தனை நாள் என்றால் தெரியாது. ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது, நான் கொடுப்பதில்லை. கொடுக்கிற கடை எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனால் சீட்டோடு வந்தாலும் பல கடையில் கிடைக்காது. ஏன்? அந்த அட்டைக்கு மட்டும் டிரக் இன்ஸ்பெக்டர் பில் கேட்பார், யார் எழுதினது, யார் வாங்கினது, ரிஜிஸ்டர் எங்கே என்று. மாதம் ரெண்டு அட்டை விற்று நாலு தடவை பதில் சொல்வதற்கு, ஸ்டாக்கே வைக்காமல் இருக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொரு கூத்து, அவசரக் கருத்தடை மாத்திரை. மற்ற மாநிலத்தில் சீட்டே இல்லாமல் வாங்கலாம். இங்கே பாதிக் கடையில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது கலைக்கிற மாத்திரையே இல்லை, உண்டாகாமல் தடுக்கிறது. அதைக் கொடுக்காமல் விட்டு, ஆறு வாரம் கழித்து அதே ஆளைக் கிட் தேட வைக்கிறோம்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும்: மாத்திரை பத்திரமானதுதான், 9 வாரத்துக்குள், டாக்டர் பார்த்த பிறகு. கர்ப்பம் கருக்குழாயில் நின்றிருந்தால் மாத்திரை கேட்காது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்வது, ஒழுக்கம் பேச இல்லை.

---

வைகைக்கரை

சேலம் என்றதும் இன்னொரு விஷயத்தைத் தொடாமல் போக முடியாது. டிரக் இன்ஸ்பெக்டர் ஏன் அந்த அட்டையை மட்டும் தேடுகிறார்? பெண் கரு.

எண்பதுகளில் உசிலம்பட்டி, சேலம், தர்மபுரி பக்கம் பெண் சிசுக்கொலை. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம். கள்ளிப்பால் போய் ஸ்கேன் வந்தது. 1994இல் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம். இன்றைக்கு எந்த ஸ்கேன் சென்டர் வாசலிலும் "இங்கு கருவில் உள்ள குழந்தையின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது" என்று போர்டு இருக்கும். 2001 கணக்கெடுப்பில் சேலத்தில் 0–6 வயதில் 1,000 ஆண் பிள்ளைக்கு 850ஐ ஒட்டித்தான் பெண் பிள்ளைகள். மாநிலம் முழுக்கப் பார்த்தால் 2001இல் 942, 2011இல் 943.

அந்தப் பிரச்சாரம் தேவையானதுதான். ஆனால் சுவரெல்லாம் "கருவை அழிப்பது குற்றம்" என்று எழுதி எழுதி, கருக்கலைப்பே குற்றம் என்று சனங்களை நம்ப வைத்துவிட்டோம். டாக்டர்களும் பயந்துபோனார்கள். 12 வாரத்துக்கு மேல் என்றாலே, ஏற்கெனவே பெண் பிள்ளை இருக்கிறவளா என்று சந்தேகப் பார்வை. குற்றம் செய்தது ஸ்கேன் மிஷினை வைத்துப் பணம் பார்த்தவன். மாட்டிக்கொண்டு நிற்பது நாள் தள்ளிப்போனவள்.

---

முத்துநகர்_சூசை

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெண் கரு என்பதற்காகக் கலைத்தால் தப்பு, வேறு எதற்காகக் கலைத்தாலும் சரி என்றால் தர்க்கம் உதைக்கிறதே.

---

வைகைக்கரை

உதைக்கிறதுதான். பெண்ணியவாதிகளே அதில் முப்பது வருடமாகத் திணறுகிறார்கள். என் கட்சி இது: குற்றம் பாலினத்தைச் சொல்வதில், அதைச் சொல்லிப் பணம் பண்ணுவதில், பெண் பிள்ளை பெற்றவளைக் குடும்பம் உதைப்பதில் இருக்கிறது. அங்கே பிடிக்காமல், கடைசியில் படுக்கையில் கிடப்பவளைப் பிடிப்பது சுலபம் என்பதால் பிடிக்கிறோம்.

---

மீன்பாடும்_தேன்நாடு

வங்கதேசம் வேற வழி கண்டுபிடித்தது என்று தம்பி தொடக்கத்தில் சொன்னீர். அது என்ன? இலங்கைக்கு உதவுமா என்று யோசிக்கிறன்.

---

பாக்மதி_ஓரம்

அக்கா, அதுதான் இந்த வட்டாரத்திலேயே கெட்டிக்காரத்தனமான வேலை.

1971 போரில் பாகிஸ்தான் படையால் வன்புணர்வுக்கு ஆளான பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பமாக இருந்தார்கள். 1972இல் அவர்களுக்காக மட்டும் அரசு சட்டத்தை ஓரம் வைத்தது. வெளிநாட்டு டாக்டர்கள் வந்து செய்தார்கள், உள்ளூர்க்காரர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். அந்த வேலை முடிந்ததும் 312 பழையபடி வந்துவிட்டது.

ஆனால் 1974இலேயே சில இடங்களில் "மாதவிடாய் சீராக்கல்" என்று ஒரு சேவை தொடங்கி, 1979இல் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு பெண் வருகிறாள், மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது. அவள் கர்ப்பமா என்று யாரும் பரிசோதிப்பதில்லை. கையால் இயக்குகிற சிறிய உறிஞ்சு குழாயை வைத்துக் கருப்பையைச் சுத்தம் செய்து அனுப்பிவிடுகிறார்கள். கர்ப்பம் என்று நிரூபித்தால்தானே 312 வரும்? பரிசோதிக்கவே இல்லையே! சட்ட ஆலோசனையே அப்படித்தான் வந்தது. செய்வதும் டாக்டர் மட்டுமில்லை, குடும்ப நலப் பணியாளர் என்ற பெண்கள், கிராமத்து ஆரோக்கிய மையத்திலேயே. அவர்களுக்கு 10 வாரம் வரை, டாக்டருக்கு 12 வாரம் வரை. 2014 முதல் மாத்திரையும் சேர்ந்துவிட்டது.

முல்லாக்கள் பெரிதாக எதிர்க்கவில்லை, ஏனென்றால் யாரும் அதைக் கருக்கலைப்பு என்று மேடையில் பேசவில்லை. ஆனால் விலையும் உண்டு. உரிமை என்று எழுதப்படாததால், நாள் கடந்துபோச்சு, கல்யாணமாகவில்லை, பிள்ளை இல்லை என்று ஏதோ ஒன்றைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் அவளால் எங்கேயும் போய்க் கேட்க முடியாது. கருவி வாங்கப் பணம் வெளிநாட்டு உதவியை நம்பி இருந்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறும்போதெல்லாம் டாக்காவில் ஒரு கிளினிக் ஆட்டம் காணும். 2025இல் அமெரிக்க உதவி மொத்தமாக வெட்டப்பட்டபோது நேபாளத்துக்கும் அதே கதிதான்.

---

மீன்பாடும்_தேன்நாடு

விளங்குது. எங்கட ஊரில் இது சரிவராது என்று நினைக்கிறன். பொலிஸ் வந்து கதவைத் தட்டினால் "மாதவிடாய்தான் சீராக்கினம்" என்று சொல்லி எந்த மருத்துவ மாதுவும் தன்ர உத்தியோகத்தைப் பணயம் வைக்க மாட்டா. அங்கே அரசாங்கமே பின்னால் நின்றது. இங்கே 2017இல் ரெண்டே ரெண்டு காரணத்துக்கே பின்னால் நிற்க ஆள் இல்லை.

சூசைத் தம்பி, உங்கட ஆயர்களைப் பற்றிச் சொன்னதில் கோபம் வேண்டாம். பன்சலையில் (பௌத்த விகாரை) ஹாமுதுருமாரும் (பிக்குமார்) ஆதரித்தவை இல்லை, பள்ளிவாசலும் இல்லை, கோயிலும் வாய் திறக்கவில்லை. போரில் அடிபட்டுக்கொண்ட எல்லாரும் இந்த ஒரு விசயத்தில் ஒற்றுமையாக நின்றதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

---

முத்துநகர்_சூசை

கோபமில்லை அக்கா. அந்தத் தலை ஓடு வளராத சிசுவைச் சுமந்த தாயைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நான் இரவு தூங்கவில்லை. என் நிலைப்பாடு மாறவில்லை. ஆனால் அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்கிறவர்களோடு நான் இல்லை.

---

நெறியாளர்

சும்மா_வந்தவன் எழுதிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்துக்காக இல்லை, தாழம்பூவின் கணவரைப் பற்றி எழுதியதற்காக. மாத்திரை எங்கே கிடைக்கும், எத்தனை போட வேண்டும் என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுத வேண்டாம்.

---

புதிய_உறுப்பினர்_417

ஒரு சந்தேகம் சார். என் அக்கா மகள். 17 வயது. வீட்டிலேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இப்போது 10 வாரம். அவளுக்கு வேண்டாம், படிக்கணும் என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று அக்கா பயப்படுகிறாள். யாரோ நாட்டு மருந்து கொடுப்பவளைச் சொல்கிறார்கள்.

---

வைகைக்கரை

நாட்டு மருந்து வேண்டவே வேண்டாம். அது முதல்.

17 வயது என்றால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் சொல்லியாக வேண்டும், அது உண்மை. ஆனால் 2022 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அந்தப் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறது. தகவல் போகும், பெயர் போகாது. டாக்டருக்கு அது தெரியாமல் இருக்கலாம், தீர்ப்பின் நகலை நான் அனுப்புகிறேன். சம்பந்தமில்லாத யாரிடமாவது பெயரைச் சொன்னால் 2021 திருத்தப்படி டாக்டருக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. உங்கள் அக்கா காப்பாளராகக் கையெழுத்துப் போட்டால் போதும். மாப்பிள்ளை வீட்டார் யாரும் வர வேண்டியதில்லை. அவள் விருப்பம்தான் முக்கியம், அதை அவள் வாயால் டாக்டரிடம் சொல்லட்டும்.

குழந்தைத் திருமணத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். ஆனால் அதை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு என்று காத்திருக்காதீர்கள், வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலையே மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை, மகப்பேறு வெளிநோயாளிப் பிரிவு. ஆதாரும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாவட்டம் என்று தனிமடலில் சொல்லுங்கள், பொது இழையில் வேண்டாம்.